புள்ளி தொலைந்த கோப்பு

இணையத்தில் எங்கள் பழைய ரேடியோ மன்றத்தில் பதினோரு ஆண்டுகள் நடந்த பேச்சில் இன்று மிஞ்சியிருப்பது ஒரே ஒரு கோப்பு. அதைத் திறந்தால் முதலில் தமிழே கண்ணுக்குத் தெரியாது. தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில ஏ-யும், வட்டத்துக்குள் அடைபட்ட ஆர்-உம் வரிக்கு இருபது முப்பது முறை மாறி மாறி வரும். நடுநடுவே கேள்விக்குறிகள் நிற்கும். கடந்த சில வாரங்களாக இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்தக் குறிகளை மறுபடியும் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். கண்ணைக் கெடுத்துக்கொண்டு யாருக்காக இந்த வேலை என்று வீட்டில் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

மன்றம் என்று பெரிதாகச் சொன்னாலும், அதில் பெயர் பதிந்தவர்கள் நானூற்றுச் சொச்சம் பேர், அவர்களிலும் வாய் திறந்து பேசியவர்கள் நாற்பது பேர் தேறமாட்டார்கள். மர்ஃபி, புஷ், பிலிப்ஸ், எச்.எம்.வி. என்று கண்ணாடிக் குழல் வால்வுகளால் ஓடும் தாத்தா காலத்து ரேடியோ செட்டுகளைப் பரணிலிருந்தோ பழைய இரும்புக் கடையிலிருந்தோ மீட்டெடுத்துப் பாடவைக்கும் ஆசையைத் தவிர எங்களுக்குள் பொதுவாக எதுவும் இருந்ததில்லை. தொலைபேசித் துறையில் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், உப்பளக் கணக்கு எழுதும் ஒருவர், சிங்கப்பூரில் கப்பல் பட்டறை வேலையில் இருந்த ஒருவர், 'றேடியோ' என்றே கடைசிவரை எழுதிய யாழ்ப்பாணத்து ஆசிரியர் ஒருவர். இவர்களில் இருவரைத்தான் நான் நேரில் பார்த்திருக்கிறேன்; ஆனால் அவர்கள் ஒவ்வொருவரும் ஒரு செட்டின் முதுகுப் பலகையைக் கழற்றினால் முதலில் எதைத் தொடுவார்கள் என்பது எனக்குத் தெரியும்.

அங்கே என்ன நடந்தது என்பதற்கு டயல் கயிற்றுத் திரியைச் சொல்ல வேண்டும் (ஒரு கேள்வியும் அதன்கீழ் தொடர்ந்து வரும் பதில்களும் சேர்ந்ததுதான் திரி). பழைய செட்டில் ஸ்டேஷன் மாற்றும் குமிழைத் திருப்பினால் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு முள் நகரும் அல்லவா, அந்த முள்ளை இழுப்பது ஒரு மெல்லிய கயிறு. அது குமிழின் தண்டில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, ஓரங்களில் இருக்கும் சிறு கப்பிகளின் மேல் ஏறி இறங்கி, ஸ்டேஷனைத் தேர்ந்தெடுக்கும் கேங் கண்டென்சரின் தண்டில் மாட்டியிருக்கும் பெரிய சக்கரத்தை அணைத்து, அந்தச் சக்கரத்துக்குள் இருக்கும் ஒரு ஸ்பிரிங்கில் போய் முடியும். அறுபது வருடத்துக் கயிறு ஒருநாள் அறுந்துவிட்டால், அது எந்த வழியாகப் போயிருந்தது என்பதற்கான தடயமும் அதோடு போய்விடும். சக்கரத்தில் சுற்றும் திசையை மாற்றிவிட்டால் செட் பாடும், ஆனால் முள் எதிர்ப்பக்கம் ஓடும். திருச்சிக்காகத் திருப்பினால் முள் வேறெங்கோ நிற்கும்.

கம்பெனி வெளியிட்ட சர்வீஸ் கையேட்டில் கயிற்றின் பாதைக்குப் படம் உண்டு. படத்தில் இல்லாதது, இரண்டு கை மட்டுமே உள்ள ஒருவர் ஒரு முனை நழுவாமல் மறு முனையை எப்படி முடிச்சிடுவது என்பது. அதைக் கேட்டு ஒருவர் எழுதினார். கேங்கை முழுதாக மூடிவைத்துவிட்டுத் தொடங்குங்கள் என்றார் தொலைபேசித் துறைப் பெரியவர். கயிறு வழுக்கினால் கொஞ்சம் பிசின் தடவலாம் என்றார் மற்றொருவர். பிசின் தண்டின் பேரிங்குக்குள் இறங்கினால் குமிழே இறுகிவிடும், தன் செட்டில் அப்படித்தான் ஆயிற்று என்று மூன்றாமவர் மறுத்தார். நைலான் ஒற்றை இழை போட்டுப் பார்த்து, அது நீண்டு தொங்குவதையும் தண்டில் பிடிப்பில்லாமல் சுழல்வதையும் கண்டு, கடைசியில் மீன்பிடிக் கடையில் விற்கும் பின்னல் நூல்தான் சரி என்ற முடிவுக்கு வர ஒன்பது பக்கமும் ஐந்து மாதமும் ஆயின. கையேடு சரியான வழியைச் சொல்கிறது. அந்தத் திரி தவறான வழிகள் ஒவ்வொன்றிலும் நடந்துபோய், அது எங்கே முட்டி நிற்கிறது என்று பார்த்துத் திரும்பி வந்து சொல்கிறது. கையில் திருப்புளியோடு தனியாக உட்கார்ந்திருப்பவனுக்கு இரண்டாவதுதான் உதவும் என்பது என் அனுபவம், ஏனென்றால் அவன் ஏற்கெனவே அந்தத் தவறுகளில் ஒன்றைச் செய்துவிட்டுத்தான் உதவி தேடி வருகிறான்.

இந்த மன்றம் செத்த கதை சிறியது. கோவையிலிருந்து அதை நடத்தியவர் ஆண்டுதோறும் தன் கைக்காசைப் போட்டு இணைய முகவரிக்கும் வழங்கிக்கும் (சர்வருக்கும்) பணம் கட்டிவந்தார். நாங்கள் ஒருமுறைகூட அது எவ்வளவு என்று கேட்டதில்லை. அவர் திடீரென்று காலமானபோது கடவுச்சொல் யாரிடமும் இல்லை. குடும்பத்தார் துக்கத்தில் இருந்தார்கள். இப்படி ஒன்று இருக்கிறது, அதற்குப் பணம் கட்ட வேண்டும் என்று அவர்களிடம் போய்ச் சொல்லும் துணிவு எங்களில் ஒருவருக்கும் வரவில்லை. புதுப்பிக்கச் சொல்லி நிறுவனம் அனுப்பிய கடிதங்கள் எல்லாம் இறந்தவரின் மின்னஞ்சலுக்கே போயிருக்கும். சில மாதங்கள் கழித்து அந்த முகவரியை வேறு யாரோ வாங்கி, சீட்டாட்ட விளம்பரம் போட்டிருந்தார்கள். நான் அதை முதலில் பார்த்தபோது தவறான முகவரியைத் தட்டிவிட்டேன் என்றே நினைத்தேன்.

பெரிய இடங்களில் நடப்பதும் இதுதான், அளவுதான் வேறு. 2002 வாக்கில் ஒரு பிரௌசிங் சென்டரில் மணிக்கு முப்பது ரூபாய் கொடுத்து உட்கார்ந்து நான் வால்வு செட்டைப் பற்றிப் படித்ததெல்லாம் யூஸ்நெட்டின் பழைய ரேடியோ, கிராமபோன் குழுவில்தான். 1979-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மாணவர்கள் இருவர் யோசித்துத் தொடங்கியது யூஸ்நெட், கணினியிலிருந்து கணினிக்குச் செய்திகளைக் கடத்தி நடக்கும் விவாதக் குழுக்களின் வலை. பொழுதுபோக்குக் குழுக்களுக்கென்று 'ரெக்' என்ற தனிக் கிளையே அதில் இருந்தது. அதை யாரும் நெடுநாள் சேமித்துவைக்கத் திட்டமிடவில்லை. ஒவ்வொரு கணினியும் சில நாளோ சில வாரமோ வைத்திருந்துவிட்டு இடம் போதாமல் பழையதை அழித்துவிடும். ஆனால் டொரோண்டோ பல்கலைக்கழக விலங்கியல் துறையில் கணினிகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஹென்றி ஸ்பென்சர், 1981-லிருந்து பத்தாண்டுகள் தன் கணினிக்கு வந்த செய்திகளைக் காந்த நாடாக்களில் இறக்கி வைத்தார். மொத்தம் 141 நாடாக்கள், இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட செய்திகள். 2001 பிப்ரவரியில், யூஸ்நெட் செய்திகளைச் சேர்த்துவைத்திருந்த டேஜா நியூஸின் தொகுப்பை விலைக்கு வாங்கிய கூகுள், அந்த டிசம்பரில் ஸ்பென்சரின் நாடாக்களையும் சேர்த்து இருபது ஆண்டுப் பேச்சை, 70 கோடிக்கும் அதிகமான செய்திகளை, தேடும்படி வெளியிட்டது. விலங்கியல் துறைக்கும் யூஸ்நெட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டு, இடத்தை அடைக்கிறது என்று ஒரு நிர்வாகி அந்த நாடாக்களை வீசியிருந்தால், 1980-களின் கணினி உலகம் தனக்குள் பேசிக்கொண்டதில் பெரும்பகுதி நமக்குக் கிடைத்திருக்காது. 2024 பிப்ரவரி 22-உடன் கூகுள் புதிய யூஸ்நெட் செய்திகளைக் காட்டுவதை நிறுத்திவிட்டது. பழையவை இப்போதைக்கு இருக்கின்றன. இப்போதைக்கு என்ற சொல்லை நான் தெரிந்தேதான் போடுகிறேன்.

யாஹூ குழுமங்களின் முடிவு நம்மவர்களுக்கு இன்னும் நெருக்கமானது. மரத்தடி, ராயர் காப்பி கிளப் என்று தமிழில் இணையத்தில் எழுதத் தொடங்கிய ஒரு தலைமுறையே அங்கே திண்ணை போட்டு உட்கார்ந்திருந்தது. 2019 அக்டோபரில் அறிவிப்பு வந்தது, அந்த மாதம் 28-உடன் புதிதாக எதையும் ஏற்ற முடியாது, டிசம்பர் 14-உடன் இருப்பதெல்லாம் அழிக்கப்படும் என்று. ஏறத்தாழ இருபது ஆண்டுப் பேச்சுக்கு இரண்டு மாத அவகாசம். கூக்குரல் எழுந்த பிறகு, தங்கள் தரவை வேண்டுவோருக்கு 2020 ஜனவரி கடைசிவரை நீட்டித்தார்கள். இதற்கிடையே ஆர்க்கைவ் டீம் என்ற தன்னார்வலர் கூட்டம் முடிந்த அளவு குழுமங்களில் உறுப்பினராகச் சேர்ந்து நகலெடுத்துக்கொண்டிருந்தபோது, விதிமுறை மீறல் என்று சொல்லி அவர்களுடைய கணக்குகளை யாஹூவின் அன்றைய உரிமையாளரான வெரைசான் முடக்கியது. விதிப்படி அது சரியாக இருக்கலாம். எரிகிற வீட்டிலிருந்து பாத்திரம் பண்டத்தை வெளியே எடுத்துப் போடுகிறவனிடம், உள்ளே நுழைய உனக்கு யார் அனுமதி கொடுத்தது என்று கேட்கிற சரி அது.

மன்றம் இருந்தும் உள்ளடக்கம் போவது இன்னொரு வகை. கைவேலை சார்ந்த பொழுதுபோக்குகளில் படம் இல்லாமல் பேச்சு இல்லை. ஆனால் பல மன்றங்களில் படங்களை வைக்கப் போதிய வசதி இருந்ததில்லை, அதனால் உறுப்பினர்கள் வேறோர் இலவச இடத்தில் ஏற்றிவிட்டு இங்கே இணைப்பு மட்டும் கொடுப்பார்கள். 2017-இல் ஃபோட்டோபக்கெட் நிறுவனம், பிற தளங்களில் படம் தெரிய வேண்டுமானால் ஆண்டுக்கு 399.99 டாலர் கட்டும்படி விதியை மாற்றியது. கார் பழுதுபார்ப்போர், மாதிரி ரயில் கட்டுவோர், தச்சு வேலைக்காரர்கள், எங்களைப் போன்ற ரேடியோப் பைத்தியங்கள் என்று உலகெங்கும் உள்ள மன்றங்களில், 'கீழே உள்ள படத்தில் அம்புக்குறி இட்ட இடத்தைப் பாருங்கள்' என்ற வாக்கியத்துக்குக் கீழே பணம் கட்டச் சொல்லும் ஒரே அறிவிப்புப் படம் வந்து நின்றது. பின்னால் கட்டணத்தைக் குறைத்தார்கள் என்பது உண்மை. அதற்குள் பலர் கோபத்தில் கணக்கையே அழித்துவிட்டுப் போயிருந்தார்கள், பலர் உயிரோடேயே இல்லை.

இணையப் பக்கங்களை நகலெடுத்துவைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவ் இருக்கிறதே என்று இதைக் கேட்கும் எல்லோரும் சொல்கிறார்கள். 1996-இல் தொடங்கிய அந்த நிறுவனம் இல்லையென்றால் நம் நிலை இதைவிட மோசமாக இருந்திருக்கும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பழைய பக்கங்களைத் தேடித் தரும் அதன் வேபேக் இயந்திரத்தில் எங்கள் மன்றத்தைத் தேடியபோது கிடைத்தவை முகப்புப் பக்கமும், சில திரிகளின் முதல் பக்கமும்தான். உள்நுழைந்தவருக்கு மட்டுமே இணைப்புக் கோப்புகள் தெரியும்படி நாங்களே பெருமையோடு அமைத்திருந்தோம், ஆகவே வெளியிலிருந்து வந்த இயந்திரத்துக்குக் கதவு திறக்கவில்லை. ஒன்பது பக்கத் திரியில் முதல் பக்கம் மட்டும் கிடைப்பது எப்படி என்றால், பிசின் தடவுங்கள் என்ற யோசனை பத்திரமாக இருக்கிறது, தடவாதீர்கள் என்ற மறுப்பு போய்விட்டது. 2013-இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவீதம் பத்தாண்டுகளில் காணாமல் போய்விட்டதாக 2024-இல் பியூ ஆய்வு மையம் கணக்குச் சொன்னது. முதல் பக்கம் மட்டும் பிழைத்து, பொய் சொல்லிக்கொண்டு நிற்கும் திரிகளை யாரும் கணக்கெடுத்ததாகத் தெரியவில்லை.

இப்போது என் கையில் இருக்கும் கோப்புக்கு வருகிறேன். கோவை நண்பர் இருந்த காலத்தில், வழங்கியை மாற்றும்போது உதவிக்கென்று ஒரு நகலை உறுப்பினர் ஒருவருக்கு அனுப்பியிருந்தார். அவர் அதைத் தன் விண்டோஸ் கணினியில் திறந்து பார்த்து, அப்படியே சேமித்துவிட்டார். அந்த ஒரு சேமிப்பில்தான் விபத்து நடந்தது. ஒருங்குறியில் (யூனிகோடில்) எழுதிய தமிழ், யூடிஎஃப்-8 முறையில், ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட்டுகளாக வைக்கப்படுகிறது. மூன்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்று அறியாத மென்பொருள், ஒவ்வொன்றையும் தனித்தனி ஐரோப்பிய எழுத்தாக எடுத்துக்கொள்கிறது. சாய்கோட்டு ஏ-யும் வட்டத்து ஆர்-உம் அப்படி வந்தவைதான். இந்த அளவோடு நின்றிருந்தால் ஒரு சிறு நிரலை எழுதி நொடியில் திருப்பிவிடலாம். ஆனால் விண்டோஸின் பழைய மேற்கு ஐரோப்பிய எழுத்துப் பட்டியலில் ஐந்து இடங்கள் காலியாக விடப்பட்டிருக்கின்றன, அந்தக் காலி இடங்களில் போய் விழும் தமிழ்க் குறிகள், அரிதாக வரும் ஓம் சின்னத்தை விட்டால், நான்கு: மெய்யெழுத்தின் புள்ளி, உகரத்தின் குறி, தனி ஏ, தனி ஐ. இந்த நான்கும் கேள்விக்குறிகளாகிவிட்டன. அதிலும் புள்ளிக்கும் உகரத்துக்கும் முதல் இரண்டு பைட்டுகள் ஒன்றே என்பதால், மிஞ்சியதைப் பார்த்து அது 'ல்' என்பதா 'லு' என்பதா என்று பிரித்தறிய வழியே இல்லை.

தமிழில் புள்ளியும் உகரமும் இல்லாத வரி எது? 'வால்வு' என்ற எங்கள் குலதெய்வத்தின் பெயரிலேயே இரண்டும் இருக்கின்றன. ஓலையில் புள்ளி குத்தினால் கிழிந்துவிடும் என்று ஏட்டுச்சுவடிகளில் புள்ளி வைக்காமலேயே எழுதினார்கள், மெய்யா உயிர்மெய்யா என்று இடம் பார்த்து ஊகித்துத்தான் உ.வே.சாமிநாதையர் போன்றவர்கள் பதிப்பித்தார்கள் என்று பள்ளியில் தமிழாசிரியர் சொன்னது நினைவுக்கு வந்து, கணினிக்கு முன்னால் உட்கார்ந்து எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. அவர்கள் முன்னால் இருந்தது சீவக சிந்தாமணி. என் முன்னால் இருப்பது, சாலிடரிங் அயர்ன் எத்தனை வாட்ஸ் இருக்க வேண்டும் என்ற சண்டை. பெரும்பாலான இடங்களில் சொல்லே காட்டிக்கொடுத்துவிடுகிறது. அகராதியை வைத்து நிரலே முக்கால்வாசியைச் சரிசெய்துவிட்டது. பெயர்களில்தான் மாட்டிக்கொள்கிறேன். 'பால் சொன்னபடி செய்து பார்த்தேன்' என்று ஒரு வரி இருக்கிறது, அல்லது 'பாலு சொன்னபடி' என்று. எங்கள் மன்றத்தில் இரண்டு பேரும் உண்டு, இரண்டு பேரும் யோசனை சொல்வதில் சளைத்தவர்கள் அல்லர். அந்த யோசனையால் ஒருவருடைய செட் பாடியிருக்கிறது, பெருமை யாருக்கென்று தெரியவில்லை. அந்த இடத்தில் கேள்விக்குறியை அப்படியே விட்டுவிட்டேன்.

எனக்குத் தீராத ஒரு தயக்கமும் உண்டு. இரைச்சலைப் பற்றிய ஒரு திரியின் நடுவில் ஒருவர், மனைவியின் நோய் முற்றிவிட்டதால் சில வாரம் வரமுடியாது என்றும், அவருக்குக் கேட்பதற்காகவே இந்த செட்டைச் சீக்கிரம் முடிக்க நினைத்ததாகவும் நான்கு வரி எழுதியிருக்கிறார். அவர் நாற்பது பேரிடம் சொன்னார். எக்காலத்துக்கும் எல்லோருக்கும் சொல்லவில்லை. யூஸ்நெட்டிலும் இந்தச் சிக்கல் எழுந்து, என் செய்தியைச் சேமிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளும் ஒரு தலைப்பு வரி வழக்கத்துக்கு வந்தது. எங்களுக்கு அப்படி ஒன்றும் இல்லை, அவரைக் கேட்கலாம் என்றால் அவருடைய மின்னஞ்சல் திரும்பி வருகிறது. பிறருக்குக் கொடுக்கும் நகலில் அந்த நான்கு வரியை நீக்கியிருக்கிறேன், என்னிடம் உள்ளதில் வைத்திருக்கிறேன். நீக்கியதால் அடுத்து வரும் பதில்கள் சம்பந்தமில்லாமல் திடீரென்று கனிவாக மாறுகின்றன. அதைப் படிப்பவர் எதையோ ஊகித்துக்கொள்வார், ஊகிக்கட்டும்.

பேச்சு இப்போது வாட்ஸ்அப்பில் நடக்கிறது. அங்கே பழைய நண்பர்கள் பன்னிரண்டு பேரும் புதியவர்கள் நூறு பேரும் இருக்கிறார்கள், காலை வணக்கப் படங்களுக்கு நடுவில் டயல் கயிற்றுக் கேள்வி மாதம் ஒருமுறை வருகிறது. புதிதாகச் சேர்கிறவருக்கு நேற்று பேசியது தெரியாது. தெரிந்தவர் மூன்றாம் முறை சொல்லும்போது குரல் சுருங்கிவிடுகிறது, ஐந்தாம் முறை அவர் பேசுவதில்லை. மன்றம் என்ற பழைய வடிவம் கிழவர்களின் பிடிவாதம் என்று இளையவர்கள் நினைக்கலாம். அதில் ஒரு கேள்விக்கு ஒரு முகவரி இருந்தது, அந்த முகவரியைச் சுட்டிவிட்டு நாம் தூங்கப் போகலாம் என்பதை அவர்கள் அனுபவித்ததில்லை.

கோப்பைச் சாதாரண உரையாகத்தான் வைத்திருக்கிறேன். எந்த மென்பொருள் போனாலும் உரை திறக்கும். படங்களில் இருநூற்றுச் சொச்சம், உறுப்பினர்கள் சிலருடைய பழைய சிடிக்களிலிருந்து கிடைத்தன. அவற்றுக்குத் திரியின் எண்ணையே பெயராக இட்டு அதே உறையில் போட்டிருக்கிறேன். நகல்கள் மூன்று பேரிடம் இருக்கின்றன, அவர்களில் இருவர் என்னைவிட இருபது வயது இளையவர்கள். என் மகளிடமும் இது எந்த வட்டில் இருக்கிறது என்று சொல்லிவைத்தேன், அவள் தலையாட்டினாள்.

கோப்பின் கடைசிச் செய்தி, அந்த நகல் எடுக்கப்பட்ட நாளின் இரவில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் எழுதியது. அப்பாவின் பிலிப்ஸ் செட்டை இருபது ஆண்டுக்குப் பிறகு போட்டேன், 'ம்ம்' என்று ஒரே முனகல், சத்தத்தை முழுதாகக் குறைத்தாலும் முனகல் நிற்கவில்லை, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார். அதற்கு யாராவது பதில் சொன்னார்களா என்பது போன பகுதியோடு போய்விட்டது, ஆகையால் இங்கே சொல்லிவிடுகிறேன். முதலில் செட்டை அணைத்துவிடுங்கள், மறுபடி நேராக மின்சாரத்தில் சொருகாதீர்கள். ஓர் அறுபது வாட்ஸ் குண்டு பல்பைத் தொடராக இணைத்து அதன் வழியே கொடுங்கள். வால்வுகளின் பெயர் யூ என்ற எழுத்தில் தொடங்கினால் அது டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத செட், சேசிஸிலேயே, அதாவது உள்ளே இருக்கும் உலோகத் தட்டிலேயே, மின்சாரம் இருக்கலாம், கை வைக்காதீர்கள், தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். ஈ என்று தொடங்கினால், பெரும்பாலும் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். சத்தத்தைக் குறைத்தும் முனகல் குறையவில்லை என்பதால் பழுது பெரும்பாலும் பவர் சப்ளையின் ஃபில்டர் கண்டென்சரில்தான். அதை மாற்றும்போது, கடைசி வால்வின் கிரிடுக்குப் போகும் சிறிய பேப்பர் கண்டென்சரையும் கேட்காமலேயே மாற்றிவிடுங்கள். அது கசிந்தால் வால்வின் உள்தகடு சிவந்து, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் கருகிவிடும். கழற்றுவதற்கு முன் பெரிய கண்டென்சர் வடிந்துவிட்டதா என்று மீட்டர் வைத்துப் பாருங்கள்.